நீதவான் தீர்ப்புக்கு முன்பே சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கலாமா?

காலிவீதி வாசி:
கலிபோர்னியாவில் இருக்கும் என் மைத்துனர் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டார். பொலிசார் அனுமதிப்பத்திரத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு, 30 நாளுக்குச் செல்லுபடியாகும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 10 நாளுக்குள் மோட்டார் வாகனத் திணைக்களத்திடம் விசாரணை கேட்காவிட்டால், முதல் தடவை பிடிபட்டவருக்கு நான்கு மாத இடைநிறுத்தம் தானாகவே தொடங்கிவிடும். நீதிமன்ற வழக்கு அதுபாட்டுக்குத் தனியாக நடக்கும். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மது என்ற எல்லை அங்கும் இலங்கையிலும் ஒன்றுதான். இங்கே மட்டும் இடைநிறுத்தம் நீதவான் விதிக்கும் தண்டனை. வழக்கை இழுத்தடிக்கத் தெரிந்தவருக்கு அதுவும் தள்ளிப்போகிறது. கொழும்புக்கும் அந்த முறை வரவேண்டும்.

புதுக்கடை வாசல்:
குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளி என்கிறது நம் அரசியலமைப்பின் 13(5). அது ஒருபுறம் இருக்கட்டும். நான் கண்டவரை பெரும்பாலானோர் முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டு, 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். 12 மாதம் வரை இடைநிறுத்தவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. எதிர்த்து வழக்காடுபவர் யார்? சோதனை பிழை என்று நம்புபவர். நீங்கள் முந்திக்கொண்டு தண்டிக்கப் பார்ப்பது அவரைத்தான்.

நிலா, கொட்டாஞ்சேனை:
பிழை என்று நம்புபவர் மட்டுமா ஐயா? நல்ல சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க முடிந்தவரும்தான். மதுச் சோதனைக் கருவியில் ஊத மறுத்தவரின் அனுமதிப்பத்திரத்தை விசாரணைக்கு முன்பே 90 நாள் முடக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் ஏற்றுக்கொண்டது. வீதியில் மற்றவர் உயிர் இருக்கிறது, பறித்த கையோடு விசாரணை கேட்கவும் வழி இருக்கிறது என்பதே காரணம்.

புதுக்கடை வாசல்:
அதே நீதிமன்றம் 1971இல் ஜோர்ஜியா வழக்கொன்றில் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள் தங்கச்சி: பிழைப்புக்குத் தேவையான அனுமதிப்பத்திரத்தை முறையான விசாரணையின்றிப் பறிக்கக் கூடாது. சரி, கலிபோர்னியாவில் விசாரிப்பவர் யார்? திணைக்கள ஊழியர். திணைக்களத்துக்காக வாதாடியவரும் அவரே, முடிவு சொன்னவரும் அவரே. அது அரசியலமைப்புக்கு முரண் என்று அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2022 ஆகிவிட்டது. அந்த முறையையா நாரஹேன்பிட்டியில் இருக்கும் நம் திணைக்களத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறீர்கள்?

முச்சக்கரவண்டி அண்ணன்:
நான் குடிப்பதில்லை, ஆனாலும் கேட்கிறேன். அலுவலகக்காரரின் அனுமதிப்பத்திரம் போனால் அவர் பஸ்ஸில் போவார். என்னுடையது போனால் வண்டியின் லீசிங் பணத்தை யார் கட்டுவது? பிறகு வழக்கில் நான் வென்றால் அந்த நான்கு மாத உழைப்பை யார் திருப்பித் தருவார்?

நிலா, கொட்டாஞ்சேனை:
அண்ணா, உங்கள் பின் இருக்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு இன்னும் கடுமை வேண்டும் என்கிறேன். குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டினால்தான் வண்டியின் இயந்திரத்தை இயங்கவிடும் கருவி ஒன்று உண்டு. அதைப் பூட்டிக்கொண்டு ஓட கலிபோர்னியாவில் இடம் கொடுக்கிறார்கள்.

முச்சக்கரவண்டி அண்ணன்:
பூட்டும் செலவு யாருக்கு? பிடிபட்டவருக்குத்தானே. அப்படியானால் அதுவும் அலுவலகக்காரருக்கே.

காலிவீதி வாசி:
ஊழியர்தான் சிக்கல் என்றால் வெளியாரை அமர்த்தலாமே. டெக்சாஸில் திணைக்களத்துக்கு வெளியே தனி அலுவலகம் ஒன்றின் நிர்வாக நீதிபதிகள்தான் இதை விசாரிக்கிறார்கள். விசாரணை கேட்க 15 நாள் தவணையும் உண்டு.

புதுக்கடை வாசல்:
நீதிபதியை விடுங்கள், தாளைப் பாருங்கள். தமிழும் அரசகரும மொழி என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பம்பலப்பிட்டியில் எழுதித் தரும் தாள் எந்த மொழியில் இருக்கும்? அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடியே நம் ஆட்களுக்குத் தவணையில் பாதி போய்விடும்.

காலிவீதி வாசி:
அப்படியானால் மூன்று மொழியிலும் அச்சிட்ட தாள் இல்லாவிட்டால் இடைநிறுத்தம் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதட்டும். அப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

புதுக்கடை வாசல்:
முதலில் தாளைக் காட்டுங்கள்.