அப்பாவுக்கு பார்க்கின்சன்ஸ், திரும்பும்போது சாயுறார். வீட்டுல என்ன பேலன்ஸ் பயிற்சி செய்யலாம்?

ஈரோட்டு மகள்:
அப்பாவுக்கு 71 வயசு, சில வருஷமா இந்த நோய்க்கான சின்டோபா மாத்திரை சாப்பிடுறார். மாத்திரைல கை நடுக்கம் குறையுது ஆனா பேலன்ஸ் சரியாகவே இல்ல, பாத்ரூம் வாசல்ல வந்தா கால் தரையோட ஒட்டுன மாதிரி நின்னுடுது, சட்டுனு திரும்பினா பின்னாடி சாயுறார். எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு சொன்னாங்க, என்னன்னு சொல்லல. பயமா இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பிசியோ தம்பி:
அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். நாம யோசிக்காமயே நடக்குறோம்ல, அந்த தானா நடக்குற வேலையை பாக்குற மூளைப் பகுதிலதான் இந்த நோய்ல டோபமைன்ங்கிற மூளை ரசாயனம் குறையுது, அதனால அப்பா ஒவ்வொரு அடியையும் யோசிச்சு, கண்ணால பாத்து, காதால கேட்டு வைக்கப் பழகணும், பாதி பயிற்சி இதுதான். வாசல்ல கலர் டேப் ஒட்டி அதைத் தாண்டச் சொல்லுங்க, இல்லன்னா ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணுங்க. கால் நின்னுடுச்சுன்னா கையப் பிடிச்சு இழுக்கவே கூடாது, விழுந்துடுவார். நின்னு, மூச்சு விட்டு, உடம்பு எடையை இந்தக் கால் அந்தக் கால்னு மாத்தி, அப்புறம் ஒரு பெரிய எட்டா எடுத்து வைக்கணும். திரும்பும்போது நின்ன இடத்துலயே சுத்தாம அரைவட்டமா நடந்து திரும்பணும்.

தினமும் செய்ய: கிச்சன் மேடையைப் பிடிச்சுட்டு பக்கவாட்டுல நடக்குறது, காலை நெருக்கி வச்சு நிக்குறது, கை ஊனாம சேர்லேர்ந்து எழுந்து உக்கார்றது (முடியலன்னா ஊனட்டும்). பின்னாடி சேர், பக்கத்துல நீங்க. மாத்திரை நல்லா வேலை செய்யுற நேரத்துல மட்டும் செய்யுங்க.

கோவை ரவி:
தாய்ச்சியும் (மெதுவா உடம்பை அசைச்சு செய்யுற சீனப் பயிற்சி) கேட்டுப் பாருங்க. 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வு, 195 பேர், வாரம் ரெண்டு தடவை ஒரு மணி நேரம், ஆறு மாசம். வெறும் ஸ்ட்ரெச்சிங் பண்ணவங்களை விட தாய்ச்சி பண்ணவங்க கம்மியா விழுந்தாங்க. லேசா, நடுத்தரமா நோய் இருக்குறவங்கள வச்சு பண்ணது, அதனால அப்பா எந்த நிலைன்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. எங்கம்மாவுக்கும் இதே நோய்தான், எங்க வீட்டுல மொதல்ல மாத்தினது ஈர பாத்ரூம் தரை, மடங்குற மிதியடி, லூசான ரப்பர் செருப்பு இதெல்லாம்.

செல்வி நர்ஸ்:
படுக்கைலேர்ந்து எழும்போது தலை சுத்துதான்னு பாருங்கம்மா. இந்த நோய்லயும் மாத்திரைனாலயும் எழுந்ததும் பிபி இறங்கும், படுத்தும் நின்னும் பிபி பாத்து எழுதிட்டுப் போய் டாக்டர்ட்ட காட்டுங்க, அதுவும் விழுறதுக்கு ஒரு காரணம். நடக்குறப்ப பின்னாடியிருந்து கூப்பிடாதீங்க, காபி டம்ளரைக் கைல கொடுத்து நடக்க விடாதீங்க, ரெண்டு வேலை சேர்ந்தா கால் நின்னுடும்.

ஈரோட்டு மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, டேப் நீளவாக்குல ஒட்டணுமா குறுக்கயா?

பிசியோ தம்பி:
குறுக்க தான் அக்கா, அவர் ஒரு எட்டு வைக்குற தூரத்துக்கு ஒண்ணு. தரை கலர்லேர்ந்து பளிச்சுனு தெரியணும்.