கோபத்தை எழுதிப் பார்க்கிறேன், அடுத்து என்ன செய்வது?

வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். யோக சாஸ்திரம் படித்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அப்பா போன பிறகு அண்ணனும் நானும் சேர்ந்து கடை நடத்துகிறோம். கணக்குக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பகலில் அடக்கிக்கொள்கிறேன். ராத்திரி கரண்ட் போனதும் மண்டைக்குள் அதே பேச்சு ஓடும்.

யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் (அத்தியாயத்தில்) பதஞ்சலி சொல்லும் பிரதிபக்ஷ பாவனையைப் பழகுகிறேன். தீய எண்ணம் வந்தால் அதற்கு எதிரானதை நினைக்கச் சொல்கிறார். அடுத்த சூத்திரத்தில், அது பேராசையால் வந்ததா, கோபத்தாலா, அறிவு மயக்கத்தாலா, லேசா, நடுத்தரமா, கடுமையா என்று பிரிக்கிறார். சார்ஜ் லைட் வெளிச்சத்தில் நோட்டில் கோடு போட்டு அப்படியே எழுதுகிறேன். கோபம் என்று நினைத்ததில் பாதி, பேராசைக் கட்டத்தில்தான் போய் விழுகிறது!

சிக்கல் முதல் பாதத்தின் 33ஆம் சூத்திரத்தில். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் உபேட்சை, அதாவது கண்டுகொள்ளாமல் விடுவது. (பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாவும் மெத்தா (நட்பு), கருணா என்று இதே நான்கைத்தான் தியானிக்கிறார்.) அண்ணனை எதில் சேர்ப்பது? உபேட்சை என்று விட்டால் கணக்கே கேட்க மாட்டேனோ என்று பயம். கேட்கவும் வேண்டும், கொதிக்கவும் கூடாது.

குடும்பத்துக்குள் இதைக் கடைப்பிடித்தவர்கள் யாராவது உண்டா? பேச உட்காரும் முன் மனதை எப்படித் தயார் செய்தீர்கள்? மூச்சுப் பயிற்சி செய்தாகிவிட்டது, அதை மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம், திருமந்திரம் மூன்றாம் தந்திரத்து இயம நியமப் (ஒழுக்க விதிகள்) பகுதிக்கு எளிய உரை இருந்தாலும் சொல்லுங்கள்.