நல்ல நிலை கிடைத்தும் திட்டம் தோன்றவில்லை

கேள்வி: சதுரங்கத்தில் குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் என்ற தொடக்க முறையை வெள்ளையில் ஆடும்போது, நிலை எனக்குச் சாதகம் என்று கணினி காட்டினாலும், பதினைந்தாவது நகர்த்தலுக்குப் பின் வழி தெரியாமல் யானையை முன்னும் பின்னும் நகர்த்துகிறேன். சாதகத்தைத் திட்டமாக்குவது எப்படி?

பதில் 1: முதலில் இலக்கை உருவாக்குங்கள், நண்பரே. யானையை பி1 கட்டத்தில் நிறுத்தி, பி சிப்பாயை பி4, பி5 என்று தள்ளி, சி6-இல் உள்ள கறுப்புச் சிப்பாயை வெட்டினால், கறுப்பு தன் பி சிப்பாயால் திருப்பி வெட்டும்போது சி6 சிப்பாய் வேறு சிப்பாயின் துணையின்றிப் பின்தங்கி நிற்கும்; பிறகு சி வரிசையில் யானைகளை இரட்டித்து (ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி) அதை அழுத்தலாம்.

கேட்டவர்: கறுப்பு தன் ஏ சிப்பாயை ஏ6-க்கு நகர்த்தித் தடுத்தால்?

பதில் 1: உங்கள் ஏ சிப்பாயை ஏ4-க்கு நகர்த்திவிட்டு பி சிப்பாயை பி5-க்குத் தள்ளுங்கள்.

பதில் 2: இதற்கிடையே கறுப்புக் குதிரை இ4-க்கு வந்து உங்கள் ராஜாவைத் தாக்கத் தொடங்கும் என்பதை மறவாதீர்கள், நான் பல ஆட்டங்களை அங்கேதான் இழந்தேன்.