சீன ஃபேக்டரிக்கு 3டி ஃபைல் அனுப்பணும், என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) மட்டும் போதுமா?

சால்டர்07:
வணக்கம். பிளாஸ்டிக் கேஸ், உள்ளே எஸ்டிஎம்32 (மைக்ரோகன்ட்ரோலர் சிப்) போர்டு என்று ஒரு கைக்கருவி. மோல்டு (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு; 2 கேவிட்டி, அதாவது ஒரு முறைக்கு 2 பீஸ்), அசெம்பிளி இரண்டும் ஒரே சீன ஃபேக்டரியில். கொட்டேஷன் தரவே ஸ்டெப் ஃபைல் (3டி வடிவம்), கெர்பர் (சர்க்யூட் போர்டு வரைபடம்), ஃபர்ம்வேர் (சிப்பில் ஓடும் புரோகிராம்) எல்லாம் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் என்டிஏ போட்டாச்சு, வழக்கு வந்தால் எங்கள் நாட்டு நீதிமன்றம். அனுப்பலாமா?

பத்திரக்காரர்:
இப்போதைக்கு வேண்டாம். வெளிநாட்டுத் தீர்ப்பை வைத்துச் சீனாவில் ஒரு கம்பெனியிடம் பணம் வாங்குவது பெரும்பாடு. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு: என்டிஏ 'வெளியே சொல்லாதே' என்கிறது. யாரிடமும் சொல்லாமல் அவர்களே தயாரித்து விற்றால்? அதனால்தான் என்என்என் ஒப்பந்தம் போடுகிறார்கள். வெளியிடக் கூடாது, சொந்தத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, உங்களைத் தாண்டி உங்கள் வாடிக்கையாளரிடம் போகக் கூடாது.

சீன மொழிப் பிரதியே செல்லுபடி, ஃபேக்டரி இருக்கும் ஊர் நீதிமன்றம், மீறினால் இவ்வளவு தொகை என்று எண்ணிலேயே எழுதுங்கள். கையெழுத்து மட்டும் போதாது, கம்பெனி முத்திரை வேண்டும். முத்திரையில் உள்ள சீனப் பெயரும் பிசினஸ் லைசன்ஸில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். இமெயிலில் வரும் ஆங்கிலப் பெயர் பதிவுப் பெயர் அல்ல. பல சமயம் பேசுவது புரோக்கர் கம்பெனியாக இருக்கும்.

டிரேட்மார்க்கையும் சீனாவில் உடனே போடுங்கள். அங்கே முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. பேடன்ட் போட்ட தேதியிலிருந்து 12 மாதம், டிசைனுக்கு 6 மாதம். அதற்குள் மற்ற நாடுகளில் போட்டால் பழைய தேதியே நிற்கும்.

சால்டர்07:
சரி, கொட்டேஷனுக்கு எதைத்தான் கொடுப்பது?

டூல்ரூம்:
பிடிஎஃப் போதும். வெளி அளவு, சுவர்த் தடிமன், எந்தப் பிளாஸ்டிக், பீஸ் எடை, ஃபினிஷ், வருட எண்ணிக்கை. இதற்கே மோல்டு விலை சொல்லாதவர் வேறு எதற்கோ கேட்கிறார். ஸ்டெப் ஃபைல் முத்திரை விழுந்த பிறகு. கெர்பரை பிசிபி (சர்க்யூட் போர்டு) செய்பவருக்கு மட்டும் நேரடியாக அனுப்புங்கள்.

மோல்டு விஷயம்தான் முக்கியம். அதன் விலையைப் பீஸ் விலைக்குள் கரைக்க விடாதீர்கள், பிறகு 'மோல்டு எங்களுடையது' என்பார்கள். தனி இன்வாய்ஸ், உரிமை உங்களுடையது, கேட்டால் இத்தனை நாளில் விடுவிக்க வேண்டும் என்று எழுத்தில். மோல்டு பிளேட்டில் உங்கள் பெயரும் எண்ணும் பொறிக்கச் சொல்லி, அது தெரியும் படம் வாங்கிய பிறகே கடைசித் தவணை.

ஷாட் கவுன்டர் (மோல்டு எத்தனை முறை அடித்தது என்று எண்ணுவது) பொருத்தச் சொல்லுங்கள். 2 கேவிட்டி என்றால் 5,000 பீஸுக்கு 2,500 ஷாட், செட்டிங் கழிவுக்குக் கொஞ்சம் கூட. கவுன்டர் 4,000 காட்டினால் மிச்சம் எங்கே போனது என்று கேளுங்கள். கழிவுப் பீஸை உடைத்து வீடியோ அனுப்புவதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

சிப்பு:
ஃபர்ம்வேர் கொடுக்கவே வேண்டாம். பட்டன், டிஸ்ப்ளே, சென்சார் சரிபார்க்கும் டெஸ்ட் ஃபர்ம்வேர் மட்டும் அவர்களுக்கு. உண்மையானதை சரக்கு வந்த பிறகு உங்கள் இடத்தில் ஏற்றி, சிப்பில் உள்ளதை யாரும் படிக்க முடியாமல் பூட்டும் ஆர்டிபி லெவல் 2 போடுங்கள்.

சால்டர்07:
லெவல் 2 போட்டால் திரும்ப வரும் பீஸை எப்படிப் பார்ப்பது?

சிப்பு:
பெரும்பாலான எஸ்டிஎம்32 வரிசைகளில் டிபக் போர்ட் (வெளியிலிருந்து சிப்பைச் சோதிக்கும் வழி) நிரந்தரமாக மூடிவிடும், சிப்பில் வரும் பூட்லோடரும் (ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு புரோகிராம்) வேலை செய்யாது. அதனால் பூட்டும் முன்பே, ஃபர்ம்வேரின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கும் சொந்த பூட்லோடர் உள்ளே இருக்கட்டும்; அப்டேட்டும் எரர் லாகும் அதன் வழியே. முதல் பேட்சுக்கு, நிரந்தரமாகப் பூட்டாத லெவல் 1 வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மாறலாம்.