1972 சி10-ல் 5.3 வி8: சேஸை பாக்ஸ் பண்ணணுமா? அவசரம்

பழையவண்டி72:
செவர்லே சி10 பிக்கப். ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றி 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) ஏத்தியாச்சு. முதல் கியரில் அழுத்தினால் கேபினுக்கு அடியில் 'டொக்'. கதவு இடுக்கும் மாறுது. 'C' வடிவ சேஸ் சட்டத்தோட திறந்த பக்கத்தை முழுசா பிளேட் அடிச்சு மூடி பாக்ஸ் ஆக்கிடலாமா? என்ன கனம்? சனிக்கிழமை வெல்டர் வர்றார்.

தீப்பொறி:
பின்பக்க சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கா, லீஃப் ஸ்பிரிங்கா? கியர்பாக்ஸைத் தாங்கற கிராஸ் மெம்பரை (குறுக்குச் சட்டம்) நகர்த்தினீங்களா? துரு எப்படி? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது?

ஏணிச்சேஸ்:
5 மி.மீ. மைல்ட் ஸ்டீல் போதும். ஸ்டீயரிங் பாக்ஸ் தாண்டி டிரெய்லிங் ஆர்ம் (பின் ஆக்ஸிலைப் பிடிக்கிற நீளக் கை) மாட்டியிருக்கிற கிராஸ் மெம்பர் வரை அடிங்க, அதுக்குப் பின்னால் வேண்டாம். பிளேட் முனையை நேரா வெட்டாதீங்க, மீன்வாய் மாதிரி வெட்டுங்க. நேர் வெட்டு முடியிற இடத்தில்தான் விரிசல் விடும். சேஸை நாலு ஸ்டாண்டில் லெவல் பார்த்து வெச்சு 4 செ.மீ. வெல்டு, 10 செ.மீ. இடைவெளி, அப்புறம் எதிர்ப்பக்கம். கை வைக்கிற அளவு ஆறின பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூலைவிட்டம் அளங்க. ஒரே மூச்சில் இழுத்தா சேஸ் வாழைப்பழமாயிடும். பிளேட்டோட அடி ஓரத்தில் தண்ணி வடியத் துளை விடுங்க, ஆனா சேஸ் ஃபிளேஞ்சில் (சட்டத்தோட மேல், கீழ் மடிப்பு) துளை போடவே கூடாது.

நட்டுபோல்ட்டு:
தம்பி, நோயே தெரியாம மருந்து கேட்கறீங்க. இங்கே பலமுறை எழுதின விஷயம், தேடியிருக்கலாம். வி8 முறுக்கும்போது இடது இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கற பிடி) மேலே தூக்கும், அந்தப் பக்கம் கிராஸ் மெம்பரைச் சேஸோட இணைக்கிற ரிவெட்தான் முதலில் தளரும். ரிவெட் தலையைச் சுத்தி செந்தூரப் பொடி கசிஞ்சிருக்கா பாருங்க. இன்ஜினை அணைச்சிட்டு கிராஸ் மெம்பரைக் கடப்பாரையால் நெம்பச் சொல்லி, இணைப்பில் விரல் வைங்க. மயிரிழை ஆட்டமும் தெரியும். ஆடினா ரிவெட்டை வெட்டி எடுத்துட்டு 10.9 கிரேடு (அதிக வலு உள்ள) போல்ட் போடுங்க.

தீப்பொறி:
போல்ட்டா? ரிவெட் துளையை நிரப்பி உட்காரும். போல்ட் சுத்தி இடைவெளி இருக்குமே!

நட்டுபோல்ட்டு:
அதுக்குத்தான் ரீமர், துளையைத் துல்லியமான அளவுக்குச் செதுக்கற கருவி. மரை இல்லாத தண்டுப் பகுதி துளையில் இறுக்கமா உட்காரணும். மரை உள்ளே வந்தா அறுத்துப் பெருசாக்கிடும்.

தீப்பொறி:
பழைய துளை கோழிமுட்டை மாதிரி ஆகியிருந்தா ரீமர் என்ன செய்யும்?

நட்டுபோல்ட்டு:
ஒரு அளவு பெரிய போல்ட். அதுக்கும் அடங்கலேன்னா துளையை வெல்டால் நிரப்பிப் புதுசா துளைக்கணும்.

ஏணிச்சேஸ்:
கேட்டவர் எங்கே? எதுக்கும் ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் துளைகளைச் சுத்தி பெயின்ட்டைச் சுரண்டி டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள்ள ஊறி அதைக் காட்டிக்கொடுக்கிற சாயம்) அடிச்சுப் பாருங்க.

பழையவண்டி72:
காயில். இடது பக்கம் ரெண்டு ரிவெட் ஆடுது. ஸ்டீயரிங் பாக்ஸ் மேல் துளையில் 2 செ.மீ. விரிசல்.

ஏணிச்சேஸ்:
அப்போ வண்டியை ஓட்டாதீங்க. விரிசல் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, வி பள்ளம் எடுத்து முழு ஆழத்துக்கு வெல்டு பண்ணி, தேய்ச்சு மட்டமாக்கின பிறகே பிளேட். இல்லேன்னா பிளேட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமலே வளரும்.

பழையவண்டி72:
இன்ஜினை இறக்கியாச்சு. வெல்டரை அடுத்த வாரம் வரச் சொல்லிட்டேன்.