ஆறு நாளில் இரண்டு தீவு: பொனேரும் குராசோவும் சேர்த்து டைவ் போவது சரிவருமா?

நெய்தல்நிலா:
அக்டோபரில் எனக்கும் கணவருக்கும் ஒரு வாரம் லீவு. சனிக்கிழமை டொராண்டோவில் கிளம்பி, அடுத்த சனிக்கிழமை காலை திரும்புகிறோம். பயணம் போக ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாள் கையில் இருக்கும். கரீபியன் கடலின் பொனேர் தீவில் இறங்கி மூன்று நாள் காற்று டேங்க்கோடு டைவ், புதன்கிழமை சிறிய விமானத்தில் பக்கத்துத் தீவான குராசோ, அங்கே மூன்று நாள், அங்கிருந்தே வீடு. இதுதான் திட்டம். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை.

அவர் அட்வான்ஸ்ட் (இரண்டாம் நிலை டைவ் பயிற்சி) முடித்தவர், அறுபது டைவ் போல ஆகியிருக்கும். எனக்கு ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைப் பயிற்சி மட்டும்தான், மொத்தம் 14 டைவ். அவ்வளவு தூரம் போய் ஒரே தீவில் உட்காருவானேன் என்கிறார் அவர். எனக்கு அரைமனதாக இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாய்மரம்:
தாராளமாகப் போங்கள். விமானம் ஏறி அரை மணிக்குள் அடுத்த தீவில் இறங்கிவிடலாம். இரண்டு தீவின் குணமும் வேறு வேறு. பொனேர் ஊரே டைவருக்காகக் கட்டியது போல அமைதி. குராசோவில் வில்லெம்ஸ்டாட் என்ற அழகான நகரம் இருக்கிறது, 1997-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். மாலையில் கரையேறிய பிறகு போய் உட்கார, சாப்பிட, நடக்க இடம் உண்டு. கடலுக்குள் காளான் காடு என்று ஒரு இடம் இருக்கிறது. பவளங்களின் அடிப்பாகம் அரித்துப்போய், மேலே குடை விரித்த மாதிரி நிற்கும். பொனேரில் அது கிடையாது.

புதன்கிழமை காலை ஒரு டைவ் முடித்துவிட்டு மாலை விமானம் பிடிக்கலாம். அவை தாழ்வாகப் பறக்கிற விமானங்கள். நான் போனபோது ஜன்னல் வழியே அலையின் நுரை தெரிந்தது.

கரைவலை:
நிலா, மேலே கடைசிப் பத்தியில் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி உடம்பைத் தாக்கும்.

டைவ் முடித்தவர் எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம் என்பதற்கு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட கணக்கு இருக்கிறது. வழியில் நிற்காமலே மேலே வரக்கூடிய சாதாரண டைவ் ஒன்றே ஒன்று என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18. வழியில் நின்று நைட்ரஜனை வெளியேற்ற வேண்டிய டைவ் என்றால் அதற்கும் கணிசமாக மேலே. நீங்கள் ஞாயிறிலிருந்து முங்கியிருப்பீர்கள், ஆகவே உங்களுக்கு 18.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குராசோவில் காலையில் இரண்டு டைவ். கடைசி டைவ் முடிந்து ஐந்து மணி நேரத்தில் பொனேருக்கு விமானம். டைவ் கடையில் கேட்டபோது, "தாழ்வாகத்தான் பறக்கும், ஒன்றும் ஆகாது" என்றார்கள். நானும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன். இரவு பல் துலக்கக் கையைத் தூக்கினேன், இடது முழங்கை மடங்கவில்லை. சுளுக்கு இப்படி வலிக்காது. பல்வலி மாதிரி எலும்புக்குள்ளே இருந்து ஒரே சீராக வலித்தது. அழுத்திப் பார்த்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்தது இரண்டாவது தவறு. காலையில் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்த அறையில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் படுக்க வைத்தார்கள். மீதி விடுமுறை முழுக்க கரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் டேங்க் தூக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய்மரம்:
கரைவலை அண்ணா, உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அந்தக் கணக்கையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரை உயரத்துக்கு நிகரான கேபின் அழுத்தத்துக்குத்தான் அந்த 12-உம் 18-உம். அதற்குக் கீழே பறந்தால் அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோரையும் பயமுறுத்துவது சரியில்லை.

கரைவலை:
600 மீட்டர் விஷயம் உண்மை. ஆனால் 600-க்குக் கீழேதான் பறப்பார் என்று யார் உறுதி கொடுத்தது? அந்தச் சிறிய விமானங்களில் பலவற்றில் உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது. வெளியே என்ன உயரமோ, உங்கள் உடம்புக்கும் அதே உயரம். வழியில் மேகம் திரண்டிருந்தால் பைலட் ஆயிரம் மீட்டருக்கு ஏற்றுவார். அது அவர் வேலை. பின்சீட்டில் ஒருவர் காலையில் 25 மீட்டர் போய் வந்திருக்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் 'பறக்காதே' என்று ஒரு நேரம் காட்டும். அது, 18 மணி நேரம், இரண்டில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து: பொனேரிலேயே இருங்கள். 14 டைவ் ஆனவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. வாடகைக்குப் பின்பக்கம் டேங்க் அடுக்கும் சட்டம் வைத்த பிக்கப் வண்டி கிடைக்கும். கடலோரச் சாலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். கல்லைப் பார்த்து வண்டியை நிறுத்தி, மாட்டிக்கொண்டு, நடந்தே இறங்க வேண்டியதுதான். படகு நேரத்துக்கு ஓட வேண்டாம். கரை முழுக்க உடைந்த பவளமும் கூரான பாறையும்தான், அதனால் தடித்த அடியுள்ள பூட் கட்டாயம். கொஞ்ச தூரம் நீந்தினால் பத்து மீட்டர் ஆழத்தில் சரிவு தொடங்கும். காற்றும் தெம்பும் இருக்கும்வரை சரிவை ஒட்டிப் போய், பாதியில் திரும்பி, ஆழம் குறைந்த மேல்தளத்தில் நிதானமாக வரலாம். அதே இடத்தில் மறுநாள் இறங்கினால், முதல் நாள் கண்ணில் படாத கடல்குதிரை படும்.

ஆழிமுத்து:
விமானம்தான் பிரச்சினை என்றால் விமானமே இல்லாத ஜோடியைப் பிடிக்கலாமே? கரீபியனில் வடக்கே இருக்கும் சேபாவும் சின்ட் யூஸ்டேஷியஸும் (ஸ்டேஷியா என்பார்கள்). இடையே படகு ஓடுகிறது. காலையில் டைவ் போய்விட்டு மதியம் படகில் அடுத்த தீவுக்குப் போகலாம், கடல் மட்டத்திலேயே இருப்பதால் 18 மணி நேரக் கணக்கே வராது.

சேபாவைச் சுற்றி, 60 மீட்டர் ஆழம் வரை, 1987-இலிருந்து கடல் பூங்கா. எரிமலை கடலுக்குள்ளே விட்டுவைத்த கூர்முனைகள் அடியிலிருந்து எழுந்து நிற்கும். ஸ்டேஷியாவில் சார்லஸ் பிரவுன் என்ற கடலடியில் கேபிள் பதிக்கும் நூறு மீட்டர் நீளக் கப்பலை 2003-இல் டைவருக்காகவே மூழ்கடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் வந்துபோன துறைமுகம் அது. 1776 நவம்பர் 16 அன்று அமெரிக்கக் கொடி பறக்க வந்த கப்பலுக்கு அங்கிருந்த ஆரஞ்சுக் கோட்டை பீரங்கி முழங்கி மரியாதை செய்தது. ஐந்தே ஆண்டில், 1781-இல், ஆங்கிலேயர் வந்து தீவைச் சூறையாடினார்கள். மணலில் பாதி புதைந்த நங்கூரத்தில் பவளம் பூத்திருப்பதைப் பார்க்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வரும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பவளமல்லி:
ஆழிமுத்து சொல்லும் இரண்டு தீவும் எனக்கு உயிர். ஆனால் நிலாவுக்கு இந்த முறை வேண்டாம்.

முதலில் மாதம். அக்டோபர் புயல் காலத்துக்குள் வருகிறது, அது நவம்பர் முடிய ஓடும். சேபாவும் ஸ்டேஷியாவும் புயல் பாதையிலேயே இருக்கின்றன. 2017-இல் இர்மா புயல் பக்கத்து சின்ட் மார்ட்டனை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். பொனேரும் குராசோவும் தெற்கே தென் அமெரிக்கக் கரையை ஒட்டிக் கிடப்பதால் நேரடி அடி அபூர்வம். அபூர்வம்தான், அடியே படாது என்று இல்லை. 1999-இல் லென்னி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே போய், பொனேரின் அமைதியான மேற்குக் கரையில் அலையை ஏவிப் பவளங்களை நொறுக்கியது.

அடுத்தது ஆழம். சேபாவின் பேர்பெற்ற கூர்முனைகளின் உச்சியே 25, 30 மீட்டரில்தான் தொடங்கும். ஓப்பன் வாட்டர் காரருக்கு 18 மீட்டர்தான் எல்லை. கணவர் கீழே போக நிலா படகில் காத்திருக்க வேண்டிவரும்.

விமானம் இல்லை என்பதால் உயரக் கணக்கும் இல்லை என்று நினைக்க வேண்டாம். சேபாவில் துறைமுகம் கடல் மட்டத்தில். பெரும்பாலோர் தங்கும் விண்ட்வர்ட்சைட் ஊர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில். அதுவரை பரவாயில்லை. ஆனால் மவுண்ட் சீனரி 850 மீட்டருக்கும் மேல், ஆயிரத்துச் சொச்சம் படி. காலையில் டைவ், மதியம் மலை என்று கிளம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானத்துக்கு விடும் இடைவெளியை மலைக்கும் விட வேண்டும்.

ஆழிமுத்து:
அக்டோபர் என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஆழம் பற்றி முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன், ஸ்டேஷியாவில் 18 மீட்டருக்குள் அருமையான இடங்கள் உண்டு. மற்றபடி சரி. சின்ட் மார்ட்டன் வழியாகப் போய்வரவே போக ஒரு நாள், வர ஒரு நாள் தின்றுவிடும் என்பதும் உண்மை. நிலா, இன்னொரு பத்து நாள் லீவு கிடைக்கும் ஆண்டில், பிப்ரவரி போல, இதை நினைவில் வையுங்கள்.

பாய்மரம்:
கரைவலை அண்ணா சொன்னதை இரவு யோசித்தேன். உயரத்தை யாரும் உறுதி கொடுக்க முடியாது என்பது சரி. என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன், ஆனால் இரண்டு தீவைக் கைவிடவில்லை. மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள்:

செவ்வாய் மாலை ஐந்துக்குள் பொனேரில் கடைசி டைவ் முடித்துக் கரையேறிவிடுங்கள். புதன் பகல் பன்னிரண்டுக்கு விமானம். இடையில் 19 மணி நேரம். விமானத்தில் இறங்கியபின் டைவ் போகத் தடை எதுவும் இல்லை, பறந்துவிட்டு முங்கலாம், முங்கிவிட்டுப் பறக்கக் கூடாது, அவ்வளவுதான். குராசோவில் நாலு மணிக்கு டக்போட் இடத்தில் கரையிலிருந்தே இறங்கலாம். அந்தச் சின்ன இழுவைக் கப்பல் ஐந்தாறு மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது, நிலாவுக்குக் கச்சிதம். ஆக இழப்பது செவ்வாய் இரவு டைவும் புதன் காலையும் மட்டும்.

வெள்ளி மதியத்தோடு நிறுத்தியாக வேண்டும், சனி காலை பெரிய விமானம் இருக்கிறதே. அது ஒரு தீவு என்றாலும் இரண்டு என்றாலும் ஒன்றுதான். அந்த வெள்ளி மாலையை வில்லெம்ஸ்டாடில் கழியுங்கள். 1888-இல் அமைத்த மிதவைப் பாலம், கப்பல் வந்தால் மணியடித்துப் பக்கவாட்டில் திறந்து வழிவிடும். பாலத்தின் மேலேயே நின்று அதனுடன் சேர்ந்து நகரலாம். பொனேரில் அந்த மாலையில் என்ன செய்வீர்கள்?

கரைவலை:
உப்பளத்தில் ஃபிளமிங்கோ பார்ப்பேன் தம்பி. அதுவும் குறைவில்லை.

இந்தக் கணக்கில் பாதுகாப்புக் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் தயக்கம் வேறு. பொனேரில் முதல் டைவுக்கு முன்னால் பூங்கா விதிகளை விளக்கி, கரையோரம் ஒரு சோதனை டைவ் செய்ய வைப்பார்கள். கையுறை கூடாது, எதையும் தொடக்கூடாது என்று. 1979-இலிருந்து தீவைச் சுற்றி முழுக் கடலும் பூங்கா, அந்தக் கண்டிப்பால்தான் அது இன்னும் அப்படி இருக்கிறது. ஞாயிறு காலை அதிலேயே போய்விடும். 40 டாலர் இயற்கைக் கட்டணம், 75 டாலர் வருகை வரி, தலைக்கு. அத்தனையும் கட்டி இரண்டரை நாள்தான் முங்குவதா? அப்புறம் பை. சிறிய விமானத்தில் எடை நிறைந்தால் உங்கள் பை அடுத்த விமானத்தில் வரும். அன்று நாலு மணி டைவ் கனவாகிவிடும்.

பவளமல்லி:
பை பற்றிப் பேசும்போது ஒன்று சேர்க்கிறேன். பவளத் திசுவை அழிக்கும் நோய் 2023-இல் பொனேரில் கண்டறியப்பட்டது. மூளைப்பவளம் நூறாண்டு வளர்ந்தது, சில வாரத்தில் வெள்ளை எலும்பாகிவிடும். ஒரு மூளைப்பவளத்தில் நோயின் விளிம்பு விரல் அகல வெள்ளைக் கோடாக நிற்பதைப் பார்த்தேன். ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் பாசி. தீவு மாறினாலும் மாறாவிட்டாலும், ஒவ்வொரு நாளும் சாமான்களைக் கிருமிநாசினியில் முக்கிக் கழுவுங்கள். பிசிடியின் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் உடுப்பு) உள்ளே தேங்கும் தண்ணீரையும் வடித்துவிட்டு உள்பக்கத்தையும் கழுவ வேண்டும். அங்கேயே தொட்டி வைத்திருப்பார்கள், ஐந்து நிமிட வேலை.

நெய்தல்நிலா:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இதை முழுக்க அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழங்கை பற்றிய பகுதியில் அவர் பேசாமல் இருந்தார்.

இரண்டு தீவே போகிறோம், ஆனால் பாய்மரம் சொன்ன மணிக்கணக்கில். புதன் பன்னிரண்டு மணி விமானம். அதற்கு முன் எதுவும் கிடைத்தாலும் ஏறப்போவதில்லை. டேங்க், இடுப்பில் கட்டும் ஈய எடை, பிசிடி எல்லாம் அங்கங்கே வாடகைக்கு. மாஸ்க், ரெகுலேட்டர் (டேங்க் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), கம்ப்யூட்டர் மூன்றும் கையோடு. கரைவலை அண்ணா, பொனேரில் மூழ்கிக் கிடக்கும் ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பார்க்க அவருக்கு ரொம்ப ஆசை. எந்த நாளில் வைக்கட்டும்? நான் கூடப் போகலாமா?

கரைவலை:
திங்கள் காலை முதல் டைவாக வையுங்கள். ஆழமானதை விமானத்துக்கு முந்தின நாளுக்குத் தள்ளாதீர்கள், செவ்வாயன்று எல்லாம் 15 மீட்டருக்குள் இருக்கட்டும். அந்தக் கப்பல் கஞ்சாவோடு பிடிபட்டு, 1984 செப்டம்பரில் மூழ்கியது. வலது பக்கமாகச் சாய்ந்து 30 மீட்டரில் கிடக்கிறது. மேல்பக்கம் 18 மீட்டர் அளவில் இருக்கும். ஒரு வழிகாட்டியைச் சேர்த்துக்கொண்டால் அவர் கணவரோடு கீழே போவாரா, உங்களோடு மேலே இருப்பாரா என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒருவரால் முடியாது. என்னைக் கேட்டால் மூவரும் 18-லேயே மிதந்து பாருங்கள். மேலே இருந்து பார்த்தால்தான் கப்பல் முழுதாகத் தெரியும்.

வண்டியை நிறுத்தும்போது உள்ளே எதையும் வைக்காதீர்கள். திருட வருபவர் உடைக்காமல் இருக்க, கண்ணாடியை இறக்கியே விட்டுப் போங்கள்.