சைலோவுக்குள் கலைக்கூடம்: பிள்ளைகளுக்கு அறிவியலை எங்கிருந்து தொடங்குவது?

மேசைமலை:
வணக்கம். கேப்டவுனின் ரைலண்ட்ஸ் பகுதி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் 15 பேரை (12 முதல் 14 வயது) கேப்டவுன் துறைமுகத்து சைட்ஸ் மோக்கா கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறோம். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது, அறிவியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்? என்ன எடுத்துப்போக வேண்டும்?

தானியக்குழாய்:
கட்டடத்தில் தொடங்குங்கள். கண்காட்சி மாறும், கட்டடம் அங்கேயே இருக்கும். 1924-இல் எழுந்த தானியக் களஞ்சியம் (சைலோ) அது: 42 கான்கிரீட் குழாய்கள், ஒவ்வொன்றும் 33 மீட்டர் உயரம், ஐந்தரை மீட்டர் விட்டம். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக் அவற்றைக் குடைந்து வடிவமைத்த கலைக்கூடம் 2017-இல் திறந்தது. நடுக்கூடத்தின் வடிவம் ஒரு மக்காச்சோள மணி, அதாவது நம் மீலி. மணியை ஸ்கேன் செய்து பெரிதாக்கியிருக்கிறார்கள்.

வெட்டிய விளிம்பருகே பிள்ளைகளை நிறுத்துங்கள். மெருகேற்றிய வெட்டுமுகத்தில் பழைய கான்கிரீட்டும், வலுவுக்காக உள்பக்கம் ஊற்றிய புதுக் கான்கிரீட்டும் ஒட்டி நிற்கும். ஜல்லியைப் பார்த்து எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு கேளுங்கள்: குழாய் நிறைய மீலி இருந்தால் அடியில் எவ்வளவு அழுத்தம்? ஒரு கன மீட்டர் 750 கிலோ என்று வைப்போம். அது தண்ணீர் மாதிரி நடந்துகொண்டால் அடியில் சுமார் 240 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). ஆனால் மணிகள் சுவரில் உரசி எடையைச் சுவர்மேல் ஏற்றிவிடும். 1895-இல் யான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் தந்த சூத்திரத்தில் சுவர் உராய்வு 0.4, பக்கவாட்டு அழுத்த விகிதம் (கீழ்நோக்கிய அழுத்தத்தில் எவ்வளவு பங்கு சுவர்ப்பக்கம் தள்ளுகிறது என்பது) 0.5 என்று போட்டால் 50 கிலோபாஸ்கல் பக்கம் வந்து நின்றுவிடும். அதற்குமேல் கொட்டுவதையெல்லாம் சுவர்தான் தாங்குகிறது. அந்தச் சுவரை வெட்டித் திறந்த இடத்தில் நிற்கிறோம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தால் அண்ணாந்து பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும்.

மேசைமலை:
இதை முந்தின வாரமே வகுப்பில் செய்துகாட்ட முடியுமா?

தானியக்குழாய்:
அரிசி போதும். 4 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள அட்டைக்குழாயை நாற்காலிக் காலோடு செங்குத்தாக இறுக்கிக் கட்டுங்கள். கீழே சமையல் தராசு. குழாய்க்கும் தட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அரிசி நழுவக் கூடாது. 50 கிராம் 50 கிராமாகக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் தராசு காட்டுவதை எழுதுங்கள். 400 கிராம் கொட்டிய பிறகும், அட்டையின் சொரசொரப்பைப் பொறுத்து, 50 முதல் 100 கிராம்தான் காட்டும்.

குழாய் தட்டைத் தொட்டால் முழு எடையும் காட்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கட்டு தளர்ந்து குழாய் இறங்கினாலும் அதே கதி. குழாயை விரலால் தட்டினால் உராய்வு விட்டு எண் சட்டென்று ஏறும். அதைக் கடைசியில் வேண்டுமென்றே செய்துகாட்டுங்கள்.

ஒளிமானி:
கைலென்ஸ் வேண்டாம். 10 மடங்கு லென்ஸைப் பொருளுக்கு இரண்டரை செ.மீ. அருகில் பிடிக்க வேண்டும், காவலர் விடமாட்டார், விடவும் கூடாது. பென்சிலும், பழைய சிடி ஒன்றும் போதும். சிடி வெளிச்சத்தை நிறங்களாகப் பிரித்துக் காட்டும். கூடத்தின் விளக்கு சிடியில் பிரதிபலிக்கும்படி சாய்த்துப் பாருங்கள். வெள்ளை எல்இடி என்றால் நீலம் தனியாகத் தூக்கலாக, அடுத்து ஒரு மங்கல், பிறகு பச்சையிலிருந்து சிவப்புவரை அகலமான பட்டை. மேற்கூரைக் கண்ணாடி வழி வரும் பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் இருக்காது. சூரியனை மட்டும் சிடியில் பார்க்கவே கூடாது.

காகிதமும் துணியும் உள்ள அறைகள் இருட்டாக இருந்தால் "ஏன்?" என்று கேட்க வையுங்கள். வெளிச்சம் சாயத்தை உடைக்கும், அதனால் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவில்தான் விளக்கு வைப்பார்கள்.

பொருளையும் கவனியுங்கள். திறப்பின்போது நடுக்கூடத்தில் தொங்கிய, தென்னாப்பிரிக்கக் கலைஞர் நிக்கோலஸ் ஹ்லோபோவின் படைப்பு ரப்பர் டியூபும் ரிப்பனும் சேர்ந்தது, கோசா மக்களின் கதைகளில் வரும் மின்னல் பறவையை நினைத்துச் செய்தது. இழுபட்டு நிற்கும் ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கும். விரிசல் இழுவிசைக்குக் குறுக்காக விழும். இப்போது அங்கே ரப்பர் படைப்பு இருந்தால் அந்த விரிசலைத் தேடச் சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள். எந்தப் படைப்பின் முன்னாலும் முதல் மூன்று நிமிடம் பேச்சு வேண்டாம், கேள்வித்தாளும் வேண்டாம். இனவெறி ஆட்சியின் காயத்தைச் சொல்லும் படைப்புகள் இருக்கலாம். அங்கே பிள்ளை முதலில் படைப்பிலுள்ள மனிதரைப் பார்க்கட்டும். சாயத்தைப் பற்றி வேனில் திரும்பும்போது பேசிக்கொள்ளலாம்.